ஒரு நாள் குடித்தனம்

மேஸ்திரிக்கு வீட்டு ஏஜென்ட் என்ற இனமே ஆகாது. நாற்பது வருடம் அடுத்தவர் வீடுகளுக்குச் சுவர் பூசியவர் அவர். எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்த மூலை விரிசல் விடும் என்று கையை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம், கழுத்தில் அட்டையும் கையில் சாவிக்கொத்துமாக ஒருவர் வந்து வீட்டைப் பற்றிப் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? "கதவைத் திறந்து காட்டறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு ஆபீஸ்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தான் குடியிருக்கும் வீடு போக, வாடகைக்கு விட என்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு வீடுதான். இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, லிஃப்ட் கிடையாது. பத்து வருடமாக அதை அவரேதான் பார்த்துக்கொண்டார். குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிக் குடித்தனக்காரர் ஃபோனை வைப்பதற்குள் மேஸ்திரி பையோடு படியேறிக்கொண்டிருப்பார். தன்னைப் போல ஒரு வீட்டு ஓனர் தேடினாலும் கிடைக்கமாட்டார் என்பது அவருடைய எண்ணம். அதில் பெரிய தப்பும் இல்லை.

இப்போது முழங்கால் மக்கர் பண்ணியது. ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குப் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஊரில் இருந்த மகள் ஃபோனிலேயே முடிவெடுத்தாள்.

"அப்பா, வீட்டை ஏஜென்ட் கையில கொடுத்துடலாம். நல்ல ஏஜென்ட் ஒருத்தங்க இருக்காங்களாம். என் கூட வேலை செய்றவங்க சொன்னாங்க."

"நல்ல ஏஜென்ட்னா என்னம்மா? கொஞ்சமா பொய் சொல்றவரா?"

மகள் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் மேஸ்திரி ஒப்புக்கொண்டார். ஆனால் ஏஜென்ட் அம்மாவிடம் ஃபோனில் பேசும்போது மூன்று நிபந்தனை போட்டார். சீக்கிரம் ஆளைக் கொண்டுவர வேண்டும். வருகிற ஆள் தொணதொணக்கிற ஆளாக இருக்கக்கூடாது. எதற்கெடுத்தாலும் தன்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரிங்க. முதல்ல நான் அந்த வீட்டுல ஒரு நாள் குடித்தனம் இருக்கணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரேன். நீங்களும் வாங்க."

"எதுக்கு?"

"ஒரு நாளாவது இருந்து பார்க்காத வீட்டை நான் யாருக்கும் காட்டறதில்லை. பழக்கம்."

மேஸ்திரி ரிசீவரைப் பார்த்தார். கிறுக்குப் பிடித்த அம்மாவாக இருக்கும் போலிருக்கிறதே என்று நினைத்தார். ஆனாலும் என்னதான் செய்கிறார் பார்க்கலாம் என்று, கைத்தடியை ஊன்றி, வலிக்கிற காலை ஒவ்வொரு படியாக வைத்து மறுநாள் மூன்று மாடியும் ஏறினார்.

ஏஜென்ட் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மடக்கு நாற்காலி இரண்டு, ஒரு பாத்திரம், சாப்பாட்டு டப்பா, ஒரு போர்வை என்று, வீட்டைவிட்டு ஓடிவந்தவர் மாதிரி மூட்டையோடு வந்து நின்றார். கடுங்குளிர் மாதம். சமையலறைச் சுவரில் கேஸ் பாய்லர் இருந்தது. குழாய்க்கு வெந்நீரும் அதிலிருந்துதான், அறைகளுக்குச் சூடும் அதிலிருந்துதான். அவர் முதல் வேலையாக அதைப் போட்டுவிட்டு எல்லா ஜன்னலையும் சாத்தினார்.

"காத்தாட இருக்கட்டுமே. பூட்டிக் கிடந்த வீடு" என்றார் மேஸ்திரி.

"இந்தக் குளிர்ல குடியிருக்கறவங்க ஜன்னலைத் திறந்துவெச்சுக்கிட்டா இருப்பாங்க? அவங்க எப்படி இருப்பாங்களோ அப்படித்தான் நாமளும் இருக்கணும்."

அப்புறம் அவர் குடித்தனம் நடத்த ஆரம்பித்தார். படுக்கையறையில் போர்வையை விரித்துப் படுத்து, மேல் மாடிக்காரர் நடக்கிற சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கால் மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, "வெளியில இருந்து தள்ளிப் பாருங்க" என்றார். மேஸ்திரி தள்ளினார். தாழ்ப்பாள் வழுக்கிக் கதவு திறந்துகொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏஜென்ட் அம்மா குறிப்பேட்டில் எழுதினார். பத்து வருடத்தில் ஒருவர்கூட இதைப் பற்றித் தன்னிடம் சொன்னதில்லையே என்று மேஸ்திரிக்குச் சற்று உறுத்தியது.

ஏஜென்ட் அம்மா பையிலிருந்து உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தார்.

"என்ன அது, ரேடியோவா?"

"காத்துல விஷவாயு இருந்தா கத்தும்."

"என் வீட்டுலயா? நல்லா வெச்சுக்கங்க. அதுக்கும் பொழுது போகட்டும்."

மத்தியானம் வரைக்கும் இப்படியே ஓடியது. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சூடாக எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தார். துணி துவைத்து எங்கே காயப்போடுவது என்று கேட்டார். எல்லா ஸ்விட்சையும் போட்டு அணைத்தார். மேஸ்திரிக்குத் தலை லேசாகக் கனத்தது. இந்த அம்மாவோடு நாளெல்லாம் இருந்தால் கனக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

சமையலறையில் மடக்கு நாற்காலிகளைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஏஜென்ட் அம்மா டப்பாவின் மூடியில் அவருக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தார்.

"முன்னாடி இருந்தவங்க என்னென்ன குறை சொன்னாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் மேஸ்திரி காத்திருந்தார். சட்டையின் உள் பையிலிருந்து நீலநிற நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பத்து வருடப் புகார்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, யார் சொன்னது, தான் என்ன செய்தார் என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

ஏஜென்ட் அம்மாவின் முகம் மலர்ந்தது. "இப்படி ஒரு நோட்டு வெச்சிருக்கற ஓனரை நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். காலையிலிருந்து மேஸ்திரிக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. மூடியில் இருந்ததை ரசித்துச் சாப்பிட்டார்.

ஏஜென்ட் அம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். "கடைசியா இருந்தவங்க தலைவலி, தலைவலின்னு ஏழு தடவை சொல்லியிருக்காங்களே?"

"ஓ, அந்தத் தையல்காரம்மாவா." மேஸ்திரி சிரித்தார். "இந்த இடத்துலதான் மேஜை போட்டு நாள் பூரா தைக்கும். வெளிச்சம் நல்லாருக்குன்னு. முதல் வருஷம் ஒரு வார்த்தை பேசலை. ரெண்டாம் வருஷம் பிடிச்சுதுங்க. தலை சுத்துது, வாந்தி வருது, கை நடுங்குது, வீட்டுல ஏதோ இருக்குன்னு. நானும் வந்து பார்த்தேன். கேஸ் கசியுதோன்னு சோப்பு நுரை தடவி ஒவ்வொரு இணைப்பா பார்த்தேன். ஒரு குமிழி வரலை. டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்துது. ரத்தம் நல்லாருக்கு, ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பிட்டார்."

"அவங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"அவர் லாரி டிரைவர். வாரத்துல அஞ்சு நாள் ரோட்டுலதான். அவரே என்கிட்ட சொன்னார், மேஸ்திரி, இவ என்னை வண்டியை விட்டு இறக்கறதுக்கு நாடகம் போடறான்னு. அப்புறம் நான் என்ன சொல்றது? ஒப்பந்தம் முடிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிட்டேன். வேற வீட்டுக்குப் போன ஒரே மாசத்துல தலைவலி எல்லாம் போயிடுச்சாம். அப்பவே தெரியலையா, எல்லாம் பாவ்லான்னு?"

ஏஜென்ட் அம்மா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். இரண்டு விரலால் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டார்.

"அவங்களுக்கு வேற வீடு சுலபமா கிடைச்சுதா?"

மேஸ்திரி மூடியில் மிஞ்சியிருந்ததை ஓரமாக ஒதுக்கினார். "ஒரு ஓனர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சார். உள்ளதைச் சொன்னேன். அந்தம்மா கற்பனைக்காரி, தலைவலின்னு சொல்லியே நம்ம தலையை உருட்டும்னு. அந்த வீடு கிடைக்கலை போல. எங்கேயோ தள்ளிப் போயிட்டாங்க."

அப்போதுதான் அந்த வெள்ளைப் பெட்டி கத்தியது.

சின்னப் பெட்டிதான். ஆனால் அது போட்ட கூச்சலில் மேஸ்திரி மூடியைக் கீழே போட்டுவிட்டார். ஏஜென்ட் அம்மா பதறவில்லை. எழுந்து பாய்லரை அணைத்தார், ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார், மேஸ்திரியின் முழங்கையைப் பிடித்து எழுப்பிப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எழுந்து நிற்கும்போதுதான் மேஸ்திரிக்குத் தெரிந்தது, தள்ளாடியது முழங்கால் மட்டுமில்லை என்று.

படியில் உட்கார்ந்து, திறந்திருந்த படிக்கட்டு ஜன்னல் வழியாக வந்த குளிர்காற்றை இரண்டு பேரும் மூச்சு மூச்சாக இழுத்தார்கள். ஏஜென்ட் அம்மா கேஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "உங்களுக்குத் தலை வலிக்குதா?" என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

"காலையிலேர்ந்து" என்றார் மேஸ்திரி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்தார். பாய்லரின் மூடியைக் கழற்றினார், உள்ளே கரி படிந்திருந்தது. கொஞ்ச நேரம் எரியவிட்டுப் பார்த்தார், நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக எரிந்தது.

"இதுக்குக் காத்து பத்தலை. காத்து பத்தாம எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையே இருக்காது. சோப்பு நுரை போட்டாலும் தெரியாது, ஏன்னா இது கசியற கேஸ் இல்லை, எரிஞ்ச கேஸ்." மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய தாளை அவர் விரலால் தொட்டுப் படித்தார். "இதை மாட்டும்போது இந்த அறைச் சுவர்ல கீழ்ப்பக்கம் காத்து வர ஒரு ஓட்டை விட்டிருக்காங்க. எங்க அது?"

அவர் குனிந்து சுவரைத் தடவினார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போனார், திரும்பி வந்தார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேடு பள்ளம் தெரிகிறதா என்று பார்த்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

மேஸ்திரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெக்கானிக் இன்னும் ஒரு மணி நேரம் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வைத்த கை அப்படி. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருகிற இடம் தெரியாமல் பூசுவதற்குத்தான் ஊரில் அவரைத் தேடிவந்து கூப்பிடுவார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்தது உண்மைதான், அதை நாம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"இங்க" என்றார். நொண்டிக்கொண்டே போய், தையல்காரம்மாவின் மேஜை இருந்த இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். "நான்தான் அடைச்சேன்."

மெக்கானிக் சுத்தியலை எடுத்தார். நாலு அடியில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளிருந்து குளிர்காற்று புஸ்ஸென்று வந்து மூன்று பேரின் காலையும் தொட்டது.

ஏஜென்ட் அம்மா நோட்டைத் திறந்தார். யாரையும் குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது, சும்மா படித்தார். "'மேஜைக்கு அடியில் குளிர்காற்று வருகிறது, கால் மரத்துப்போகிறது என்றார். ஓட்டையை அடைத்தேன்.' அதுக்கு அடுத்தது, பதினோரு நாள் கழிச்சு. 'தலைவலி என்கிறார். வீட்டுக்குச் சம்பந்தமில்லை.'"

இரண்டு வரியும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. எழுதியவரே அதைச் சேர்த்துப் படித்ததில்லை.

"செத்திருப்பாங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார் மேஸ்திரி.

"நாள் பூரா உக்காந்திருந்தவங்களா? கதவையும் சாத்திக்கிட்டு ஒரு நாள் இங்கயே அசந்து தூங்கியிருந்தா எழுந்திருக்க மாட்டாங்க. ஏதோ நல்ல நேரம், குறை சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

மூன்றாம் நாள் ஏஜென்ட் அம்மாவின் அறிக்கை தபாலில் வந்தது. நாலு பக்கம். பாய்லரைச் சுத்தம் செய்து மெக்கானிக்கிடம் சான்று வாங்க வேண்டும், காற்றுத் துளைக்குக் கம்பிவலை போட வேண்டும், வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சமையலறையில் நிரந்தரமாக மாட்ட வேண்டும், குளியலறைத் தாழ்ப்பாளை மாற்ற வேண்டும் என்று வரிசையாகப் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேஸ்திரி தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் தலை நின்றது. 'முன்பு குடியிருந்தவரிடம் நடந்ததை வீட்டு உரிமையாளர் நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குடித்தனக்காரர் தன் மருத்துவரிடம் சொல்ல இது அவசியம்.'

அவர் மகளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

"வேண்டாம்பா" என்றாள் மகள் உடனே. "அவங்க கோர்ட்டுல கேஸ் கீஸ் போட்டா? நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? அவங்கதான் இப்ப நல்லாருக்காங்களே. முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்குக் கிளறணும்?"

மேஸ்திரிக்கு அந்தப் பதில் இதமாக இருந்தது. வேறு யாராவது சொல்ல வேண்டும் என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்ததை மகள் சொல்லிவிட்டாள். ஆனால் ஃபோனை வைத்த பிறகு அந்த இதம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூடத் தாங்கவில்லை. உட்கார்ந்தால் அந்தத் தையல்காரம்மா படியில் நின்று கேட்டது ஞாபகம் வந்தது. 'மேஸ்திரி, நான் பொய் சொல்றேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?' என்று கேட்டிருந்தாள். அவர் அப்போது சாவியை எண்ணிக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை அறிக்கையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஏஜென்ட் அம்மாவின் ஆபீசுக்குப் போனார். சின்ன அறை. சுவரெல்லாம் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் சாவி. ஏஜென்ட் அம்மா நாற்காலியைக் கால் நீட்ட வசதியாகத் திருப்பிப் போட்டார்.

"எல்லாம் செஞ்சுடறேன். ஆளை வரச் சொல்லியாச்சு" என்றார் மேஸ்திரி. "அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க."

"எடுக்க முடியாதுங்க."

"அது வீட்டு வேலையில்ல. ஏஜென்ட் வேலையும் இல்ல."

"என் வேலைதான்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான்தானே உங்களை வேலைக்கு வெச்சிருக்கேன்? எனக்காகப் பேசறவங்களா, அவங்களுக்காகப் பேசறவங்களா நீங்க?"

"உங்களுக்காகத்தான். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன், ஊர்ல சொல்லலை." ஏஜென்ட் அம்மா மேஜைமேல் இருந்த பேனாவை ஓரமாக வைத்தார். "நீங்க மூணு விஷயம் கேட்டீங்க. ரெண்டாவது, தொணதொணக்காத ஆளா பார்த்துக் கொடுக்கணும்னு. அந்தத் தையல்காரம்மாவுக்குப் பதிலா அப்படி ஒரு ஆள் அந்தச் சமையலறையில இருந்திருந்தா என்ன நடந்திருக்கும்? உங்க பக்கம் நிக்கணும்னா நீங்க கேக்க விரும்பாததையும் சொல்லணும். நீங்க கேக்கறதுக்கெல்லாம் சரி, சரிங்கறவங்க வேணும்னா இந்தத் தெருவுலயே நாலு பேர் இருக்காங்க. நல்லவங்கதான். போர்டைப் பார்த்துப் போகலாம்."

மேஸ்திரி சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த வீட்டுக்கு வர்றவங்க உடம்பு சரியில்லைன்னு சொன்னா, நம்பணுமா, வேண்டாமா?" என்று கேட்டார் ஏஜென்ட் அம்மா. "நம்பணும்னா, முதல்ல சொன்னவங்களை நம்பினதா இருக்கணும் இல்லையா?"

"கேஸ் போடுவாங்களா?"

"போடலாம். போட்டா நான் கூட வரேன், பார்த்ததைச் சொல்றேன். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றேன். தெரிஞ்சப்புறம் மறைச்சார்னு மட்டும் சொல்ற மாதிரி வெச்சுடாதீங்க."

இந்த அம்மாவுக்குப் பூசி மெழுகத் தெரியவே தெரியாது போலிருக்கிறது. மேஸ்திரிக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சுவர் பூசப் போன எத்தனையோ வீட்டில், இதில் ஏன் ஒரு ஓட்டை இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுத்திருக்கிறார். தன் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. குடித்தனக்காரி சொன்ன மாத்திரத்தில் செய்து முடித்து, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரம். அந்த நல்ல பெயர்மேல் இப்போது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"நீங்களே பேசிடுங்களேன்" என்றார் கடைசியாக. "குடித்தனக்காரங்ககிட்ட பேசறதுக்குத்தானே ஏஜென்ட்?"

"வாடகை, ரிப்பேர், சண்டை, எல்லாம் நான் பேசுவேன். நீங்க தூங்கலாம். இதை மட்டும் நீங்கதான் பேசணும்."

நீல நோட்டின் அட்டைக்கு உட்பக்கம் பழைய எண் இருந்தது. மேஸ்திரி இரண்டு தடவை தப்பாக அமுக்கி, மூன்றாவது தடவை சரியாக அமுக்கினார். அந்தப் பக்கம் மணி அடித்தது. ஏஜென்ட் அம்மா எழுந்து வெளியே போகப் பார்த்தார். இருங்கள் என்று மேஸ்திரி கையைக் காட்டினார்.

தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "யாருங்க?"

"நான்தான்மா, மேஸ்திரி."

மெஷின் நின்றது. "சொல்லுங்க" என்றாள் தையல்காரம்மா. குரலில் ஒட்டுதல் இல்லை. "காலி பண்ணும்போது எல்லாம் சரியா வெச்சுட்டுத்தானே வந்தோம்?"

"நீங்க எதையும் விட்டுட்டுப் போகலைம்மா. நான் ஒண்ணு சொல்லணும்." என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நடந்ததைச் சொன்னார். வெள்ளைப் பெட்டி, மஞ்சள் நெருப்பு, சுவரில் இருந்த ஓட்டை. தனக்கே அன்று வந்த தலைவலி. மெக்கானிக் சொன்னது. இன்னொரு ஓனரிடம் அவளைப் பற்றித் தான் சொன்னதையும் சொன்னார். "உங்க டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்கம்மா. காகிதம் வேணும்னா அனுப்பறேன். உங்க தலைவலி நிஜம். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் கேக்கலை."

லைன் போய்விட்டதோ என்று மேஸ்திரி ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னதே நான்தானே" என்றாள் அவள் மெதுவாக.

"இல்லம்மா. குளிர்காத்து வருதுன்னுதான் நீங்க சொன்னீங்க, நோட்டுல இருக்கு. அடைச்சது நான். எதுக்கு அந்த ஓட்டைன்னு கேக்காம அடைச்சவன் நான். இதையும் உங்க தலையில போட்டுக்காதீங்க."

அவள் அழுகிறாளா என்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"மேஸ்திரி."

"சொல்லும்மா."

"எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வீட்டுலதான் இருக்கார். அந்த வீட்டை விட்டு வந்ததும் எனக்குச் சரியாப் போச்சு இல்லையா, அதுலேர்ந்து நான் எதைச் சொன்னாலும் நம்பறதில்லை. ஜுரம்னு படுத்தாக்கூட ஒரு மாதிரி சிரிக்கிறார்." அவள் எழுந்து நடப்பது கேட்டது. "அவர்கிட்ட ஃபோனைக் கொடுக்கறேன். இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே அவர்கிட்டயும் சொல்றீங்களா? ஒண்ணும் விடாம."

ஃபோன் கை மாறுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் அவள் என்னவோ சொன்னாள். பிறகு ஓர் ஆண் குரல், தூக்கத்திலிருந்து எழுப்பிய குரல், "ஹலோ, யாரு?" என்றது.

மேஸ்திரி தான் யார் என்று சொன்னார். மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.